எம்.டெக்.கா, எம்பிஏவா: பொறியாளரின் இரண்டாவது பட்டம்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரியொன்றில் இறுதியாண்டு படிப்பவர், நவம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களின் பொது நுழைவுத் தேர்வையும் அடுத்த பிப்ரவரியில் கேட் தேர்வையும் எழுதிவிட்டு, எதில் மதிப்பெண் கைகொடுக்கிறதோ அந்தப் பக்கம் போய்விடலாம் என்று காத்திருப்பது இன்று புதிதல்ல. (இரு தேர்வுகளின் சுருக்கப் பெயர்களும் தமிழில் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், இக்கட்டுரையில் கேட் என்றால் பொறியியல் முதுகலைக்கான தேர்வு மட்டுமே.) இரண்டுக்கும் தயாராவதில் பிழையில்லை. முடிவெடுக்கும் வேலையை மதிப்பெண் பட்டியலிடம் ஒப்படைத்துவிடுவதுதான் சிக்கல். கேட் தேர்வு மூன்று மணி நேரத்தில் 65 கேள்விகளைக் கொடுத்து, நான்காண்டுப் பாடத்தில் மாணவர் எவ்வளவு ஊன்றியிருக்கிறார் என்று பார்க்கிறது. ஐஐஎம் தேர்வோ இரண்டு மணி நேரத்தில் மொழித்திறன், தரவுகளைப் புரிந்துகொள்ளும் தருக்கம், கணக்குத் திறன் ஆகிய மூன்றையும் வேகத்தோடு சோதிக்கிறது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அவர் எந்த வேலையைச் செய்துகொண்டிருக்க விரும்புவார் என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

பெரும்பாலான குடும்பங்களில் இந்தத் தேர்வு சம்பளம், செலவு, காலம் என்ற மூன்று தலைப்புகளின் கீழ் ஒப்பிடப்படுகிறது. ஒப்பீடு அவசியமே. ஆனால் அதற்கு முன்பாகத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தொழில்நுட்ப முதுகலையின் மதிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எடுத்துக்கொண்ட துறை. எம்பிஏவின் மதிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது படித்த கல்லூரி. இந்த இரு அளவுகோல்களையும் மாற்றிப் பிடிப்பவர்கள்தான், பெயர் பெற்ற கல்லூரியில் தனக்கு ஆர்வமே இல்லாத துறையில் எம்.டெக். சேர்ந்து பாதியில் வெளியேறுகிறார்கள். அல்லது 'சந்தையில் மதிப்புள்ள படிப்பு' என்று நம்பி, வேலைக்கு ஆள் எடுக்க எந்த நல்ல நிறுவனமும் வராத கல்லூரியில் எம்பிஏவுக்குப் பல லட்சம் கட்டுகிறார்கள்.

யார் செலவில் யார் படிக்கிறார்கள்?

இரு பட்டங்களின் இயல்பையும் அறிய எளிய வழி, அவற்றுக்குப் பணம் கட்டுவது யார் என்று பார்ப்பது. கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். அல்லது எம்.இ. முழுநேரமாகப் படிக்கும் மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஐஐடி, என்ஐடி போன்றவற்றில் ஒன்றிய அரசின் நிதியிலிருந்தும், அங்கீகாரம் பெற்ற பிற கல்லூரிகளில், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ வழியாகவும் இது வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்குக் கூட்டினால் 2,97,600 ரூபாய். இதற்கு ஈடாக மாணவர் ஆய்வக வகுப்புகளிலும் விடைத்தாள் திருத்துவதிலும் வாரத்தில் சில மணி நேரம் துறைக்கு உதவுகிறார். எம்பிஏ மாணவருக்கு இப்படிப் பொதுவான உதவித்தொகை ஏதுமில்லை. முன்னணி ஐஐஎம் ஒன்றின் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டி, சிலவற்றில் 25 லட்சத்தையும் கடந்துவிட்டது.

ஆய்வாளர்களும் பொறியியல் ஆசிரியர்களும் நாட்டுக்குத் தேவை, ஆனால் சந்தை அவர்களைத் தானாக உருவாக்கித் தராது என்ற கணிப்பில்தான் அரசு எம்.டெக். மாணவருக்குப் பணம் கொடுக்கிறது. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர எம்.இ. அல்லது எம்.டெக். பட்டம் வேண்டும் என்ற விதியும் இதே நோக்கத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியிருந்த காலத்தில், இந்த விதியே எம்.இ. வகுப்புகளைப் பெருக்கியது, ஆசிரியர் வேலை உறுதி என்ற நம்பிக்கையில் பலர் அதில் சேர்ந்தார்கள். பின்னர் இளநிலை இடங்கள் நிரம்பாமல் கல்லூரிகள் வரிசையாக மூடப்பட்டபோது அந்த வழி குறுகியது. 'எம்.இ. படித்தால் வாத்தியார் வேலைதான்' என்று இன்றும் வீடுகளில் சொல்லப்படும் பேச்சுக்கு அந்தக் காலமே காரணம். அது அப்போதுகூட முழு உண்மையில்லை. இப்போது இன்னும் குறைவான உண்மை.

எம்பிஏவின் வரலாறு வேறு. 1908இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளிதான் இந்தப் பட்டத்தை முதலில் வழங்கியது. அமெரிக்காவில் அது மெல்ல, சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் திரும்பி வந்து படிக்கும் படிப்பாக நிலைபெற்றது. 1961 நவம்பரில் கல்கத்தாவிலும் டிசம்பரில் அகமதாபாத்திலும் ஐஐஎம்கள் தொடங்கப்பட்டபோது, முன்னதற்கு எம்ஐடியின் ஸ்லோன் பள்ளியும் பின்னதற்கு ஹார்வர்டும் துணை நின்றன. பாடமுறையும், நிறுவனங்களில் நடந்த நிகழ்வுகளை வகுப்பில் விவாதிக்கும் நிகழ்வாய்வுக் கலந்துரையாடலும் அங்கிருந்து வந்தன. மாணவர்கள் மட்டும் வேறு வகையினர். இந்திய வகுப்பறைகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் 22 வயதுப் பொறியாளர்கள், வேலை அனுபவம் இல்லாதவர்கள் அல்லது ஓரிரு ஆண்டுகளே உள்ளவர்கள். ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பேச்சுவார்த்தை எப்படி முறிந்தது என்று விவாதிக்க உட்காரும் வகுப்பில், தொழிற்சாலையை உள்ளே சென்று பார்த்தவரே இல்லாமல் போவதும் உண்டு. படிப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. இந்தியாவில் அந்தப் பட்டம் கற்பித்தலைவிடத் தேர்ந்தெடுத்தலால் அதிகம் மதிக்கப்படுகிறது என்பதுதான் இதிலிருந்து தெரிவது.

பொருளியலில் இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. கல்வி ஒருவரின் உற்பத்தித் திறனையே உயர்த்துகிறது, அதனால் சம்பளம் கூடுகிறது என்பது 1964இல் கேரி பெக்கர் விரிவாக முன்வைத்த மனித மூலதனக் கோட்பாடு. கல்வி திறனைக் கூட்டாவிட்டாலும், கடினமான வடிகட்டலைத் தாண்டி வந்தவர் என்று முதலாளிக்கு அறிவிக்கும் சமிக்ஞையாகச் செயல்படுகிறது என்பது 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் காட்டியது. எந்தப் பட்டத்திலும் இரண்டும் கலந்தே இருக்கும். கலவையின் விகிதம்தான் வேறுபடும். சமிக்ஞைப் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு ஐஐஎம்களே சான்று. 2017ஆம் ஆண்டின் ஐஐஎம் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை அவற்றால் பட்டம் வழங்கவே முடியாது; முதுநிலைப் பட்டயம் மட்டுமே கொடுத்தன. பல்கலைக்கழகங்கள் முறைப்படி எம்பிஏ பட்டம் கொடுத்துக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளிலும், வேலைச் சந்தை ஐஐஎம்மின் பட்டயத்தையே உயர்வாக வைத்தது.

துறையைப் பார்க்க வேண்டிய படிப்பு

எம்.டெக். தேவையா என்ற கேள்விக்குத் துறைதோறும் விடை மாறும். சிப் வடிவமைப்பை எடுத்துக்கொள்வோம். மின்னணுவியலில் பி.இ. முடித்தவருக்கு ஒரே சிப்பில் ஏராளமான மின்சுற்றுகளை அடக்கும் விஎல்எஸ்ஐ என்ற பாடம் ஓரிரு பருவங்களில் அறிமுகமாகியிருக்கும். ஆனால் ஒரு சிப்பின் தருக்க வடிவமைப்பிலிருந்து, அதைச் சரிபார்த்து, சிலிக்கானில் இடம் ஒதுக்கி, உற்பத்திக்கு அனுப்பும் வரையிலான வேலைக்கு, விலையுயர்ந்த வடிவமைப்பு மென்பொருள்களில் நீண்ட காலப் பயிற்சி வேண்டும். அந்த உரிமங்களை வாங்கிவைத்திருக்கும் ஆய்வகமும் வழிகாட்டும் ஆசிரியரும் தனியாகப் படிப்பவருக்குக் கிடைப்பது அரிது. ஆகவே இத்துறையில் முதுகலை என்பது பெரும்பாலும் நுழைவுச் சீட்டு. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு அறிவிக்கப்பட்ட குறைகடத்தித் திட்டத்துக்குப் பிறகு, இந்தப் பிரிவைத் தேடி வருவோரின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது.

கட்டமைப்புப் பொறியியலும் இத்தகையதே. உயரமான கட்டடத்தையோ பாலத்தையோ காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் தாங்குமாறு வடிவமைக்கும் அலுவலகங்கள், பி.இ. மட்டும் முடித்தவரைப் பெரும்பாலும் கட்டுமானத் தளத்துக்கு அனுப்புகின்றன. கணக்கீட்டு மேசையில் உட்கார எம்.இ. கேட்கின்றன. மண் இயக்கவியல், மின்வாகனங்களுக்குத் தேவையான ஆற்றல் மின்னணுவியல், கட்டுப்பாட்டு அமைப்புகள், விண்வெளிப் பொறியியல், போக்குவரத்துத் திட்டமிடல் ஆகியவற்றையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். இவற்றிலெல்லாம் இளநிலைப் பாடம் வாசல் வரைதான் கொண்டுபோய் விடுகிறது.

மென்பொருளில் நிலைமை தலைகீழ். வழக்கமான மென்பொருள் உருவாக்க வேலைக்கு எம்.டெக். தேவையில்லை, இரண்டு ஆண்டுகள் நல்ல குழுவொன்றில் வேலை பார்த்தவருக்கும் இரண்டு ஆண்டுகள் எம்.டெக். படித்தவருக்கும் நிறுவனங்கள் பெரிய வேறுபாடு காட்டுவதில்லை. ஆயினும் ஐஐடிகளிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் கணினி அறிவியல் எம்.டெக். இடத்துக்குத்தான் போட்டி கடுமையாக இருக்கிறது. காரணம் வெளிப்படை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த வயதில் ஐஐடிக்குள் நுழைய முடியாமல் தனியார் கல்லூரியில் படித்தவருக்கு, அந்த வளாகத்தின் வேலைவாய்ப்பு முகாமில் உட்காரக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு அது. ஆக இந்த ஒரு பிரிவில் எம்.டெக்.கும் எம்பிஏவைப் போலவே கல்லூரிப் பெயரால் மதிப்புப் பெறுகிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இயந்திரக் கற்றல் ஆய்வு, கணினிப் பார்வை போன்ற உட்பிரிவுகளில் மட்டும் படிப்பின் உள்ளடக்கமும் கணிசமாக எண்ணப்படுகிறது. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் 2024 கேட் தேர்வில் தனித் தாளாகவே சேர்க்கப்பட்டுவிட்டன.

எம்.டெக். என்ற ஒரே பெயருக்குள் இருக்கும் வேறுபாடுகளும் பலருக்குத் தெரிவதில்லை. ஐஐடி மெட்ராஸில் எம்.டெக். தவிர ஆராய்ச்சிவழி எம்.எஸ். என்ற பட்டமும் உண்டு. முன்னதில் பாடங்களும் இறுதித் திட்டப்பணியும். பின்னதில் பாடங்கள் குறைவு, ஆய்வேடுதான் மையம், காலமும் வழிகாட்டியின் ஆய்வுப் போக்கைப் பொறுத்து நீளும். முனைவர் பட்டத்தையோ நிறுவனங்களின் ஆய்வு மையங்களையோ நோக்கமாகக் கொண்டவருக்கு எம்.எஸ். பொருந்தும், வளாக நேர்காணலே இலக்கு என்றால் எம்.டெக். இன்னொன்றும் உண்டு. பல பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணைக் கொண்டு பி.இ. பட்டதாரிகளையே நேரடியாக எடுக்கின்றன. எம்.டெக். சேர்ந்தவர்களில் பலர் முதல் ஆண்டிலேயே இந்த வேலை கிடைத்து வெளியேறுவது ஐஐடி நிர்வாகங்களின் நெடுநாள் கவலை. பொதுத்துறை வேலைதான் விருப்பம் என்றால், அதற்கு எம்.டெக். இடம் தேவையே இல்லை. தேர்வு மட்டும் போதும்.

அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வுகளில் எம்பிஏவுக்கும் எம்சிஏவுக்கும் டான்செட் தொடர்கிறது, எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு 2023 முதல் சீட்டா என்ற தனித் தேர்வு வந்துவிட்டது. இவற்றின் வழி சேரும் மாணவர், கிண்டி பொறியியல் கல்லூரி போன்ற ஓரிடத்தையும் ஆய்வகமே இல்லாத தனியார் கல்லூரியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் எம்.இ.யைப் பொறுத்தவரை நான் கல்லூரியின் தரவரிசையைவிடத் துறையின் இரண்டு பேராசிரியர்களைப் பற்றி விசாரிக்கச் சொல்வேன்: அவர்கள் எதில் ஆய்வு செய்கிறார்கள், எந்தத் தொழிற்சாலை அவர்களைத் தேடி வருகிறது என்று. இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணி அவர்கள் கையில்தான் இருக்கிறது. வேலை நேர்காணலில் கேள்வி கேட்கப்படுவதும் அந்தத் திட்டப்பணியைப் பற்றித்தான்.

கல்லூரியைப் பார்க்க வேண்டிய படிப்பு

எம்பிஏ பாடத்திட்டம் கல்லூரிக்குக் கல்லூரி பெரிதும் மாறுவதில்லை. சந்தைப்படுத்தல், நிதி, மனிதவளம், செயல்பாட்டு மேலாண்மை, உத்தி என்ற அடிப்படைகளும் பரிந்துரைக்கப்படும் பாடநூல்களும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. மாறுவது பக்கத்து இருக்கையில் உட்காரும் மாணவரும், முதலாண்டு முடிவில் கோடைக்காலப் பயிற்சிக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனமும். நல்ல கல்லூரிகளில் இந்த இரு மாதப் பயிற்சிதான் நடைமுறையில் வேலை நேர்காணல். அதில் மனம் கவர்ந்தவருக்கு இறுதி முகாமுக்கு முன்பே வேலை உறுதியாகிவிடுகிறது. பயிற்சிக்கான தேர்வோ, சேர்ந்த சில மாதங்களிலேயே முடிந்துவிடும். வகுப்பில் என்ன கற்றார் என்று பார்க்க அப்போது எதுவும் இருக்காது. பத்தாம் வகுப்பு முதலான மதிப்பெண்கள், முந்தைய வேலை, பேசும் திறன் ஆகியவற்றை வைத்தே நிறுவனம் முடிவெடுக்கிறது.

ஆகவே முதல் வரிசையிலோ இரண்டாம் வரிசையிலோ இல்லாத கல்லூரியில் எம்பிஏ சேர்பவர், அந்தப் பட்டத்தின் பெரிய பாதியை விட்டுவிட்டுச் சிறிய பாதியை வாங்குகிறார். வங்கிக் கிளையின் விற்பனைப் பணி, காப்பீட்டு முகவர்களை மேற்பார்க்கும் பணி, ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் தொடக்கநிலைப் பணி ஆகியவையே அங்கிருந்து பெரும்பாலும் கிடைக்கின்றன. உழைத்து மேலே வந்தவர்கள் அவற்றிலும் உண்டு. ஆனால் அந்த வேலைகளில் பல, எம்பிஏ இல்லாமலே கிடைக்கக்கூடியவை. குடும்பத் தொழிலை ஏற்று நடத்தப்போகும் ஒருவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. திருப்பூரிலோ சிவகாசியிலோ தந்தையின் ஆலையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு வளாக வேலைவாய்ப்பு தேவையில்லை. கணக்கியலும் செலவுக் கணிப்பும் ஏற்றுமதி நிதியும் கற்றுத் தரும் உள்ளூர்க் கல்லூரியே போதுமானதாக இருக்கும்.

கடன் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. 25 லட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் வாங்கிப் பத்தாண்டுகளில் அடைப்பதானால், படிப்புக் காலத்தில் சேரும் வட்டியை விட்டுவிட்டாலும், மாதத் தவணை ஏறத்தாழ 33,000 ரூபாய். மொத்தமாகத் திருப்பிச் செலுத்துவது சுமார் 39.6 லட்சம். ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வேலையை விட்டுவிட்டுச் சேர்பவர் என்றால், கைவிட்ட 12 லட்சத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். அந்த 12 லட்சம் எம்.டெக். மாணவருக்கும் இழப்புதான், அவருக்கு உதவித்தொகை அதில் கால் பங்கை ஈடுகட்டுகிறது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் சொத்துப் பிணையோ உத்தரவாதம் அளிப்பவரோ இல்லாமல் கடன் பெற முடியும். வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவு தந்துவந்த கழிவு எட்டு ஆண்டுகள் வரையானது. அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே. புதிய முறைக்கு மாறியவர்கள் தங்களுக்கு இந்தக் கழிவு இல்லை என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவதைப் பார்க்க முடிகிறது.

இந்தத் தவணையைத் தாங்கும் சம்பளம் கிடைக்குமா என்பதற்கு எல்லாரும் பார்ப்பது கல்லூரி வெளியிடும் சராசரி ஊதியம். சராசரி எளிதில் ஏமாற்றும். பத்துப் பேரில் ஒன்பது பேர் 8 லட்சமும் ஒருவர் 60 லட்சமும் பெற்றால் சராசரி 13.2 லட்சம் என்று விளம்பரத்தில் வரும். நடுவில் நிற்பவர் பெறுவது 8 லட்சம். எனவே இடைநிலை ஊதியத்தைக் கேட்க வேண்டும். கடைசி கால்பங்கு மாணவர்கள் என்ன பெற்றார்கள் என்றும் கேட்க வேண்டும். அடுத்தது சிடிசி எனப்படும், ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை. 18 லட்சம் என்று அறிவிக்கப்பட்டதில், எடுத்துக்காட்டாக, 3 லட்சம் செயல்திறனைப் பொறுத்த ஊக்கத்தொகையாகவும், ஒன்றரை லட்சம் சேரும்போது ஒரே முறை தருவதாகவும், மேலும் ஒரு பகுதி வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, காப்பீடு என்றும் போய்விட்டால், வங்கிக் கணக்கில் மாதந்தோறும் விழுவது மிகச் சுருங்கிவிடும். ஐஐஎம் அகமதாபாத் முன்னெடுத்த ஐபிஆர்எஸ் என்ற அறிக்கை முறை இந்தக் கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டவும் வெளித் தணிக்கைக்கு உட்படுத்தவும் சொல்கிறது. தணிக்கை செய்யப்பட்ட அறிக்கையைக் கேட்டால் மழுப்பும் கல்லூரியைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க எதுவும் இல்லை.

எது முன், எது பின்

இரண்டையும் படித்தவர்களின் பாதையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, காரக்பூர் ஐஐடியில் உலோகவியல் படித்து, ஸ்டான்ஃபோர்டில் பொருளறிவியலில் எம்.எஸ். முடித்து, குறைகடத்திக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்த பிறகே வார்ட்டன் பள்ளியில் எம்பிஏ படித்தார். அந்தப் பட்டம் 2002இல். சத்யா நாதெல்லா 1990இல் விஸ்கான்சின்–மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுகலை முடித்தார். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துக்கொண்டே 1997இல் சிகாகோவில் எம்பிஏ முடித்தார். இருவரும் தொழில்நுட்பத்தை முன்னும் மேலாண்மையைப் பின்னும் வைத்தவர்கள். (தலைமைப் பதவிக்கு எம்பிஏ கட்டாயம் என்று இதைப் படித்துவிடக் கூடாது: ஐபிஎம்மின் அரவிந்த் கிருஷ்ணாவும் ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்புவும் முனைவர் பட்டம் வரை பொறியியலிலேயே நின்றவர்கள்.)

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வகைக்கெழுச் சமன்பாடுகளும் நேரியல் இயற்கணிதமும் சமிக்ஞைச் செயலாக்கமும் பயன்படுத்தாமல் விட்டால் சில ஆண்டுகளில் கைவிட்டுப் போகின்றன. முப்பத்திரண்டு வயதில், குடும்பத்தோடு, மீண்டும் கேட் தாளுக்கு உட்காருவது முடியாததில்லை. செய்பவர்கள் மிகச் சிலர். மேலாண்மைப் பாடமோ அனுபவம் கூடக் கூடப் பொருள் தருகிறது. ஒரு குழுவை நடத்தித் தோற்றவருக்கு நிறுவன நடத்தையியல் வகுப்பில் சொல்லப்படுவது உடனே பிடிபடும். சேர்க்கை விதிகளும் அதே திசையில்தான் இருக்கின்றன. ஹைதராபாத்தில் 2001இல் தொடங்கிய ஐஎஸ்பி என்ற வணிகப் பள்ளியின் ஓராண்டுப் படிப்பு வேலை அனுபவம் உள்ளவர்களுக்கானது. ஐஐஎம் அகமதாபாத்தின் ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு அதைவிட அதிக அனுபவம் வேண்டும். பெங்களூரிலும் சென்னையிலும் வேலையை விடாமல் வார இறுதியில் படிக்கும் ஐஐஎம் படிப்புகள் உள்ளன. எம்பிஏவின் கதவு நாற்பது வயது வரை ஏதோ ஒரு வடிவில் திறந்தே இருக்கிறது. வேலையோடு சேர்த்து எம்.டெக். படிக்க பிட்ஸ் பிலானி போன்றவை வழி செய்திருந்தாலும், அதில் ஆய்வகப் பழக்கம் முழுநேரப் படிப்புக்கு ஈடாவதில்லை.

ஆகவே இரண்டிலும் உண்மையான ஈர்ப்பு இருக்கிறது, முடிவெடுக்க முடியவில்லை என்று சொல்பவருக்கு என் பரிந்துரை, எம்.டெக்.கை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே. விதிவிலக்கு ஒன்று: முதல் வரிசை ஐஐஎம்மில் 22 வயதிலேயே இடம் கிடைத்துவிட்டால் அதைக் கைவிடச் சொல்வது கடினம். அந்த இடம் அடுத்த ஆண்டும் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அந்தத் தேர்வின் மதிப்பெண்ணும் அவ்வாண்டுச் சேர்க்கையோடு காலாவதியாகிவிடுகிறது. ஆனால் பொறியியல் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டுமே எம்பிஏ தேடுபவரின் நிலை வேறு. நான்கு ஆண்டுகள் தவறான கல்லூரியில் மோசமாகக் கற்பிக்கப்பட்ட பாடத்தை அவர் வெறுக்கிறாரா, பாடத்தையே வெறுக்கிறாரா என்பதை வேலைக்குப் போன பிறகே பிரித்தறிய முடியும்.

இரண்டுக்கும் இடையில் நிற்கும் படிப்புகள் சில உண்டு. அவை அதிகம் பேசப்படுவதில்லை. எல் அண்ட் டி நிறுவனத்தின் பில்ட் இந்தியா உதவித்தொகையில், கட்டுமானத் தொழில்நுட்பமும் மேலாண்மையும் சேர்ந்த எம்.டெக்.கை ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில் நிறுவனச் செலவில் படிக்கலாம். பதிலுக்கு ஒப்பந்தக் காலம் வரை அங்கே பணியாற்ற வேண்டும். இந்திய அறிவியல் கழகத்தின் மேலாண்மை முதுகலை பொறியாளர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. தொழிற்சாலை உற்பத்தி, விநியோகச் சங்கிலி, பெருந்திட்டங்களின் நிர்வாகம் ஆகியவற்றில் நிலைக்க விரும்புபவருக்கு இத்தகைய படிப்புகள் எம்பிஏவைவிட நெருக்கமானவை.

கடல் கடக்கும்போது

வெளிநாடு என்றால் குடிவரவு விதிகளே பாதி முடிவை எடுத்துவிடுகின்றன. 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் பெரும்பங்கினர் முதுகலை படிக்கச் சென்றவர்கள். அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர் படிப்புக்குப் பின் பயிற்சிப் பணியாக 12 மாதமும் நீட்டிப்பாக 24 மாதமும் அங்கே வேலை பார்க்கலாம். வழக்கமான எம்பிஏவுக்கு முதல் 12 மாதம் மட்டுமே. இதனாலேயே பல அமெரிக்க வணிகப் பள்ளிகள் தங்கள் எம்பிஏவைத் தொழில்நுட்பப் பிரிவில் பதிவு செய்துகொண்டுள்ளன. மூன்று ஆண்டு தங்கல் என்பது எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் மூன்று முறை பெயர் கொடுக்க வாய்ப்பு என்பதால், இந்த வேறுபாடு சிறியதல்ல. குலுக்கலில் பொது ஒதுக்கீடு 65,000. அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குத் தனியாக 20,000. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அங்கேயே மாணவர் நிலையிலிருந்து மாறுவோருக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. இப்படிச் சில வாரங்களில் மாறும் விதிகளை நம்பி 50 லட்சம் கடன் வாங்குவது குறித்து, முன்பைவிடக் கூடுதலாக யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்றும் தொழில்நுட்ப முதுகலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஸ்டுட்கார்ட்டும் கார்ல்ஸ்ரூவேயும் அடங்கிய பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் விதித்திருக்கிறது. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென முடக்கப்பட்ட (மாதந்தோறும் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடிகிற) வங்கிக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். அங்கேயே எம்பிஏ படிப்பதானால் தனியார் பள்ளிகளின் கட்டணம் இந்த நன்மையை முழுவதுமாக விழுங்கிவிடும். ஜெர்மனி எம்.டெக். மனம் கொண்டவருக்கான நாடு. அதுவும் ஜெர்மன் மொழியை ஓரளவு நேர்காணலில் பேசும் நிலைக்குக் கற்க ஆயத்தமானவருக்கு. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், சிறு நகரத்து இயந்திரத் தொழிற்சாலையில் வேலை அந்த மொழியில்தான் நடக்கிறது.

மார்ச் மாதத்தில் இரு தேர்வு முடிவுகளும் கையில் இருக்க, கல்லூரி வளாகத்தில் கிடைத்த சுமாரான வேலையொன்றும் காத்திருக்க, என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவருக்குச் சாதகமான விதி ஒன்று இருக்கிறது. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். இப்போது மூன்றாம் ஆண்டு மாணவர்களே அதை எழுதலாம். அந்த வேலையில் சேர்ந்து ஓராண்டு பார்த்துவிட்டு, வடிவமைப்பு மேசையில் இருப்பவர்களைப் பார்த்து ஏக்கம் வருகிறதா, வாடிக்கையாளரோடு பேரம் பேசும் மேலாளரைப் பார்த்து ஏக்கம் வருகிறதா என்று கவனித்துவிட்டு, அதே மதிப்பெண்ணைக் கொண்டு அடுத்த ஆண்டு எம்.டெக். சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். எம்பிஏ என்று முடிவானால், அந்த ஓராண்டு அனுபவம் ஐஐஎம் நேர்காணலில் கூடுதல் மதிப்பெண்ணாகவே கணக்கில் சேரும்.